பதினேழு பச்சையில் இருக்கிறது

ஒரு படகு தினமும் பிற்பகலில் கொஞ்ச நேரம் கடலிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. நான்கு மணி வாக்கில் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்துவிடும். ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீங்கள் கேட்டது இதைப் பற்றி இல்லை என்று தெரியும். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் கோவையாகப் புரியும். எதையும் நடுவிலிருந்து விளக்கினால் கேட்பவருக்குத் தலை சுற்றும். பயிற்சி வகுப்பு எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் என் வேலை. துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி என் மேசை. அப்படிப் போடச் சொன்னது நான்தான். இல்லாவிட்டால் வெளிச்சம் திரையில் விழுந்து கண் கூசும். பதிவு பெற்ற மீன்பிடிப் படகுகள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் அறைக் கூரையிலும் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். அதற்குள் ஆன்டெனா. கீழே அறைக்குள் ஒரு பெட்டி. மணிக்கு ஒருமுறை அந்தப் பெட்டி, 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன வேகத்தில் போகிறேன்' என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அது எங்களுக்குச் சொல்லும். எல்லாப் படகும் ஒரே சமயத்தில் பேசினால் நெரிசலாகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். பதினேழாம் எண் படகுக்குப் பத்தாவது நிமிடம். ஒன்று பத்து, இரண்டு பத்து, மூன்று பத்து. எவ்வளவு அழகான ஏற்பாடு என்று பாருங்கள். நடுக்கடலில் மனிதன் தூங்கினாலும் பெட்டி தூங்காது.

செய்தி வந்துகொண்டிருந்தால் திரையில் அந்தப் படகின் வரி பச்சை. தொடர்ந்து இரண்டு தவறினால் மஞ்சள். நான்கு தவறினால் சிவப்பு. மஞ்சள் எங்கள் அலுவலகத்தோடு முடிகிற விவகாரம். ஒரே மாதத்தில் ஆறு மஞ்சள் வாங்கிய படகுக்கு ஒரு மாதம் உரிமம் நிறுத்தம். சிவப்பு எங்கள் கையில் இல்லை. சிவப்பு விழுந்த நொடியில் கம்ப்யூட்டரே மீட்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்பிவிடும், கடைசியாகச் செய்தி வந்த இடத்தையும் சேர்த்து. அங்கிருந்து மீட்புப் படகு கிளம்பும். யாரும் எதையும் தட்ட வேண்டாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பதினேழில் என்ன நடந்தது என்றால், ஒன்று பத்துக்குச் செய்தி வரும். இரண்டு பத்துக்கு வராது. மூன்று பத்துக்கு வராது. நான்கு பத்துக்கு வந்துவிடும். இரண்டு தவறியதால் மஞ்சள். மறுநாளும் அதே மாதிரி. கடலுக்குப் போகாத நாளில், படகு துறையில் கட்டிக் கிடக்கும்போது, நாள் முழுக்க ஒழுங்காகப் பேசும். வயரை மாற்றினோம். பெட்டியையே மாற்றினோம். வெயில் சூட்டில் பெட்டி மயங்குகிறதோ என்று நினைத்தேன். பக்கத்துப் படகின் பெட்டிக்கும் அதே வெயில்தானே. பறவை ஏதாவது குமிழின் மேல் உட்காருகிறதோ என்றுகூட ஒரு பட்டியலில் எழுதி வைத்தேன். பறவைக்கு நேரம் தெரியாது என்று பிறகு அதை அடித்துவிட்டேன்.

பதினேழின் தலைவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் துறையில் வைத்துக் கேட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, மத்தியானம் ஆனா எங்க போய் ஒளிஞ்சுக்கறீங்க?"

"ஒளியறதுக்கு அங்க மரமா மச்சான் இருக்கு? சுத்தி தண்ணிதான். சாப்பிட்டுட்டு உங்க பெட்டிதான் ஒரு தூக்கம் போடுது."

இந்தக் கிண்டலில் விடை இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குள் பதினேழுக்கு ஐந்து மஞ்சள் விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் படகு ஒரு மாதம் கரையில். தங்கை வீட்டில் மூன்று பேர், அந்தப் படகை நம்பி இன்னும் நான்கு குடும்பங்கள். படகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்று பத்துக்கு இருந்த இடத்துக்கும் நான்கு பத்துக்கு இருக்கப்போகிற இடத்துக்கும் நடுவில்தான் இருக்க முடியும். தெரிந்த ஒன்றை எழுதாமல் விடுவதில் என்ன நேர்மை இருக்கிறது?

கைப்பதிவு என்று ஒன்று உண்டு. பெட்டி கெட்டுப்போனால், படகுக்காரர் பக்கத்துப் படகின் ரேடியோ வழியாகத் தன் இடத்தைச் சொல்லியனுப்பலாம். நாங்கள் அதைக் கையால் பதியலாம். நான்கு கட்டங்கள்: இடம், வேகம், ஆட்கள் எத்தனை, நலமா. இரண்டு பத்துக்கு ஒன்றும் மூன்று பத்துக்கு ஒன்றும் நான் எழுதினேன். 'ஆட்கள் ஐந்து. அனைவரும் நலம்.' வரி பச்சையாகவே இருந்தது. நான்கு பத்துக்குப் படகு தானாகப் பேசியபோது, நான் குறித்த பாதையின் நுனியிலிருந்து அரை மைல்கூட விலகியிருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனாலும் காரணம் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பன்னிரண்டு கைப்பதிவுகளுக்குப் பிறகு, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நானே பதினேழில் ஏறிக் கடலுக்குப் போனேன்.

சமையல்காரரை உப்பு என்று கூப்பிடுவார்கள். போட மறந்துவிடுவதால் அந்தப் பெயர். ஐம்பது வயது, முடிச்சுப் போடுவதிலும் வலை தைப்பதிலும் கெட்டிக்காரர், மற்ற எல்லாவற்றிலும் மறதி. பகல் சாப்பாடு முடிந்தது. ஒன்றரை மணிக்கு அவர் அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவினார், கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசினார், கூரைக்கு எட்டி, ஆன்டெனாக் குமிழின் மேல் தொப்பி மாதிரிக் கவிழ்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. படகு ஆடும்போது உருளாது, வெயிலில் நன்றாகக் காயும். அலுமினியத்தைத் தாண்டி ஆன்டெனாவால் பேச முடியாது. மூன்றே முக்காலுக்குத் தேநீருக்குத் தண்ணீர் வைக்க அதே பாத்திரத்தை எடுத்தார். நான்கு பத்துக்குப் பெட்டி பேசியது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று வாரப் புதிர்.

"அண்ணே, இது மேல வைக்காதீங்க. இதுதான் படகோட வாய். வாயைப் பொத்துறீங்க," என்றேன்.

"அட, இது வாயா? நான் பாத்திரம் காய வைக்கத்தான் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். சைசு அப்படி இருக்கு சார்." பிறகு அவரே வழி சொன்னார். "அப்போ இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கவா? மாட்டிட்டா ஜோலி முடிஞ்சுது."

நான் விதியைச் சொன்னேன். கருவியிலிருந்து ஒரு மீட்டருக்குள் எதைப் பொருத்தினாலும் அது கட்டமைப்பு மாற்றம். படிவம் பன்னிரண்டு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

"ஆணிக்குப் படிவமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "அப்போ சுத்தியலுக்கு லைசென்ஸ் எடுக்கணுமே. உப்பு, உனக்கு ஆணி அடிக்கத் தகுதி இருக்கா, எத்தனாங் கிளாஸ் படிச்ச?"

"மூணாங் கிளாஸ்ல ஆணி வரைக்கும் வந்துது. அதுக்குள்ள நிறுத்திட்டாங்க."

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிவத்தை அடுத்த தடவை கொண்டு வருகிறேன் என்றேன்.

கொண்டு போகவில்லை. படிவம் பன்னிரண்டில் ஏழாவது கேள்வி: 'இந்த மாற்றம் எந்தக் குறையைச் சரிசெய்கிறது? அக்குறை எப்போதிலிருந்து உள்ளது?' அதற்கு உண்மையாகப் பதில் எழுதினால், அந்தக் குறை இருந்த நாட்களில் எப்படிப் பச்சை வந்தது என்று யாராவது கேட்பார்கள். பொய்யாக எழுதினால் அது தவறான தகவல் தருதல். தவறான தகவல் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உப்பு நான் சொன்னதை இரண்டு நாள் நினைவில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் மறந்தார். அவர் பெயரே அதுதானே. நானும் வலியுறுத்தவில்லை. இப்போது எனக்குக் காரணம் தெரியும் அல்லவா? இரண்டு பத்துக்குச் செய்தி வராவிட்டால் அதற்குப் பொருள், ஐந்து பேரும் சாப்பிட்டுவிட்டார்கள். செய்தி வருவதைவிட இது நல்ல செய்தி. நான் தினமும் இரண்டு பதிவுகளை எழுதினேன். ரேடியோவில் யாரும் சொல்லியனுப்பவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

அடுத்த மாதக் கடைசியில் ஒரு விஷயம் நடந்தது. எங்கள் அலுவலக வரலாற்றில் முதல்முறையாக, இருபத்து மூன்று படகுகளும், முப்பது நாட்களும், முழுப் பச்சை. கண்காணிப்பாளர் மேடம் அந்தத் தாளை அச்செடுத்துப் பலகையில் குத்தி வைத்தார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: தொடர்ந்து மூன்று மாதம் முழுப் பச்சை காட்டினால் முன்மாதிரி அலுவலகம் என்று பித்தளைப் பலகை தருவார்கள். மற்ற படகுகளையும் நான் விரட்டி விரட்டி ஒழுங்காக்கினேன். உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றுப் பிடிக்கிறதா என்று ஊதிப் பார்த்தேன். பதினேழில் இரண்டு அங்கி கிழிந்திருந்தது, மாற்ற வைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்வதில்லை, கவனித்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. காற்று அதிகமாக இருந்த நாளில் பாத்திரம் குமிழின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது. முழுக்க மூடினால் பெட்டி பேசாது. பாதி மூடினால் உளறும். வானத்திலிருந்து வரும் சைகை பாத்திரத்தில் பட்டுத் திரும்பிப் போய், இருக்கிற இடத்தைத் தப்பாகக் கணக்கிடும். மேடம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பதினேழு எப்போ மலை ஏறுச்சு?"

திரையில் பார்த்தேன். படகு கரையிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே, மலைச்சாலையில், ஐந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"சைகைக் கோளாறு மேடம்."

"கோளாறா? நல்லா வளைவு நெளிவெல்லாம் பார்த்துத் திரும்புது. ஹாரன் அடிக்கச் சொல்லுங்க."

மேடம் நகைச்சுவை தெரிந்தவர். ஆனால் உளறல் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கப் படிவம் எழுத வேண்டும், மேலிடத்திலிருந்து தொழில்நுட்ப ஆள் வருவார், பெட்டியின் நினைவகத்தைத் திறந்து பார்ப்பார். மௌனத்தை என்னால் நிரப்ப முடியும். உளறலை அழிக்க முடியாது. ஆகவே உப்பிடம் சொன்னேன்: பாத்திரத்தை வைப்பதாக இருந்தால் சாயாமல் வையுங்கள். இரண்டு காதிலும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

அவர் சந்தோஷமாகக் கட்டினார். கயிறு அவருடைய துறை.

மூன்றாம் மாதம் இருபதாம் தேதி, புதன்கிழமை. நீங்கள் காத்துக்கொண்டிருந்த நாள் இதுதான்.

ஒன்று பத்துக்குப் பதினேழு பேசியது. கரையிலிருந்து நாற்பத்தொரு மைல். இரண்டு பத்துக்குப் பேசவில்லை. சாப்பிட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போல இரண்டு பதிவுகளையும் எழுதினேன். மூன்றரை மணிக்கு நானும் தேநீர் குடித்தேன். நான்கு பத்துக்குத் திரையைப் பார்த்தேன்.

வரவில்லை.

எப்போது தெரியும் என்று முதல் நாளிலிருந்து என்னைக் கேட்கிறீர்கள். நான்கு இருபதுக்குத் தெரியும். இதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கண்டுபிடித்த விதம்கூட நேர்த்தியானது. அவர்களிடம் இருப்பது ஒரே பெரிய பாத்திரம். தேநீர் போடாமல் உப்பு ஒரு நாளும் இருந்ததில்லை. சோற்றில் உப்பை மறப்பாரே தவிரத் தேநீரை மறக்க மாட்டார். பாத்திரம் இன்னும் குமிழின் மேல் இருக்கிறது என்றால் அன்று யாரும் தேநீர் போடவில்லை. ஐந்து ஆண்கள் நடுக்கடலில் நான்கு இருபது வரை தேநீர் குடிக்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

இப்போது, முன்பு குறித்துக்கொள்ளச் சொன்னதைப் பாருங்கள். சிவப்பு விழுவதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஐந்து பத்துக்கு மஞ்சள், ஏழு பத்துக்குச் சிவப்பு. அந்த இரண்டு பொய்ப் பதிவுகளை எழுதாமல் இருந்திருந்தால் ஐந்து பத்துக்கே சிவப்பு விழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே மீட்புப் படகு கிளம்பியிருக்கும். ஏழு பத்தும் மோசமில்லை. அவர்களிடம் பெரிய விளக்குகள் உண்டு.

நான் யோசித்தேன். அவசரப்படுகிற ஆள் இல்லை நான். அதுவரை பதினேழுக்கு நான் எழுதிய கைப்பதிவுகள் நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தன. சிவப்பு விழுந்தால் விசாரணை. விசாரணை வந்தால் ரேடியோக் குறிப்பேட்டையும் கைப்பதிவையும் ஒப்பிடுவார்கள். நூற்று நாற்பதும் வெளியே வரும். நீண்ட காலமாகப் பொய்ப் பதிவு இருந்த அலுவலகம் என்று ஆனால், மற்ற இருபத்திரண்டு படகுகளின் உண்மையான பச்சையையும் யாரும் நம்ப மாட்டார்கள். முழு ஏற்பாட்டின் மீதே நம்பிக்கை போய்விடும். நாளைக்கு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றப் போகிற ஏற்பாடு அது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் வேறு ஏதோ வழியில் தப்பியிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது அல்லவா?

நான்கு இருபத்தைந்துக்கு எழுதினேன். 'நாற்பது மைல். கரை நோக்கி. ஆட்கள் ஐந்து. அனைவரும் நலம்.'

கைப்பதிவில் ஒரு குறை உண்டு. நேரக் கட்டத்தில் இன்னும் வராத நேரத்தைப் போட்டாலும் கம்ப்யூட்டர் மறுக்காது. பன்னிரண்டு மணி நேரம் வரை வாங்கிக்கொள்ளும். மேலே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அதற்குள் பயன்பட்டுவிட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுநாள் காலை வரைக்கும் பதினேழை ஓட்டி வைத்துவிட்டேன். நீரோட்டம் எந்தப் பக்கம், வலை இழுக்கும்போது வேகம் எவ்வளவு குறையும், எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகிற படகு இல்லை. பார்த்தால் நிஜப் படகு.

தூங்கினேனா என்று கேட்டீர்கள். தூங்கினேன். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தேன். மேடம் அதைக் கவனித்துப் பாராட்டினார்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் பை, முகத்தில் வியர்வை.

"அண்ணா, அவரு எங்க இருக்காரு இப்போ?"

"பதினெட்டு மைல்ல. வந்துட்டு இருக்காரு."

"இருபது மைலுக்குள்ள வந்தாலே போன் பண்ணிடுவாரே. கிடைக்கவே மாட்டேங்குது."

"சார்ஜ் போயிருக்கும்."

"சாயங்காலம் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி. அப்பா வந்தாத்தான் மேடை ஏறுவேன்னு நிக்கறா. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவாரா?"

நான் திரையைப் பார்த்தேன். பார்க்காமல் பதில் சொல்வது என் வழக்கமில்லை. அவளும் குனிந்து பார்த்தாள். பச்சைப் புள்ளி மேல் விரலை வைத்தாள்.

"இதுதானா?"

"அதுதான்."

"கொஞ்சம் வேகமா வரச் சொல்லேன்டா அண்ணா."

"எஞ்சின்ல ஏதோ சின்னப் பிரச்சினை போல. மெதுவாத்தான் வர்றாரு. ஆனா பச்சையில இருக்கு, பார்."

"நீ இருக்கறதாலதான் எனக்கு தைரியமே," என்றாள். பையிலிருந்து வீட்டில் பொரித்த கடலை ஒரு பொட்டலம் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு திரையில் இருந்த விரல் ரேகையைத் துடைத்தேன். எஞ்சின் பிரச்சினை என்று சொல்லிவிட்டதால் வேகத்தை நான்கு மைலாகக் குறைத்தேன். பதிவும் பேச்சும் ஒத்துப்போக வேண்டும்.

ஐந்து மணிக்கு மேல் அவள் போனில் கேட்டபோது, துறையில் கட்ட இடம் காலியில்லை, வாயிலுக்கு வெளியே நிற்கிறார்கள், காலையில்தான் உள்ளே வருவார்கள் என்றேன். அப்படியே பதிந்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடம் ஜன்னலருகே போய் நின்றார். பின்னால் நின்றபடி கேட்டார்.

"பதினேழு எங்க?"

"துறைமுக வாயிலுக்கு வெளியே மேடம். நேத்து சாயங்காலத்திலிருந்து."

"நான் ஜன்னல் வழியா வாயிலைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அங்க ஒரு படகும் இல்ல."

"பதிவுல இருக்கு மேடம்."

"திரும்பி உட்காருங்க. நீங்களே பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். அந்த ஜன்னலிலிருந்து கடல் அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேசையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பதினேழின் அடுத்த பயணத்துக்கான புறப்பாட்டுப் படிவம் இருந்தது, பாதி நிரப்பியபடி. மறுபடி கடலுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருக்கும். சரியாகப் பார்த்துக்கொண்டால் அந்தப் படகு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கத்துக்காகச் சொல்கிறேன், வருத்தத்தில் இல்லை.

மற்றது உங்களிடமே அறிக்கையாக இருக்கிறது. அதே காலை பத்தரைக்கு வேறொரு படகு அவர்களைப் பார்த்தது, நாற்பத்து மூன்று மைலில். ஐந்து பேரும் அங்கியோடு, இடுப்பில் ஒரே கயிற்றால் பிணைத்துக்கொண்டு. படகின் அடிப்பலகை விட்டுப்போயிருந்தது. மருத்துவர் சொன்னபடி, நான்கு பேர் முதல் இரவிலேயே. ஐந்தாவது ஆள் தண்ணீரில் விழுந்து ஏறக்குறைய முப்பது மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். அதாவது வியாழன் இரவு எட்டு மணி வரை. அது மாப்பிள்ளை. அந்த முப்பது மணி நேரம் நான் மாற்றி வைத்த அங்கியால் கிடைத்தது. அந்த நேரத்துக்கான என் பதிவைப் புரட்டிப் பார்த்தேன்: 'வாயிலுக்கு வெளியே, இடத்துக்காகக் காத்திருக்கிறது. ஆட்கள் ஐந்து. அனைவரும் நலம்.'

பெட்டியைக் கடலடியிலிருந்து எடுத்துத் திறந்திருக்கிறீர்கள். அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, ஆபத்து நேரத்துக்கு. ஒன்று ஐம்பத்திரண்டுக்கும் இரண்டு ஆறுக்கும் நடுவில் அதைப் பதினோரு முறை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தினால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் செய்தி கரைக்கு வந்துவிட்டது, இருந்த இடத்தை விட்டு நகராதீர்கள், ஒன்றாகக் கட்டிக்கொண்டு காத்திருங்கள் என்று பயிற்சி வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியே செய்திருக்கிறார்கள். அந்தப் பொத்தானும் அதே ஆன்டெனா வழியாகத்தான் பேசும். பாத்திரம் அப்போதும் குமிழின் மேலேயே கட்டியிருந்ததாக மூழ்கிப் பார்த்தவர் எழுதியிருக்கிறார். முடிச்சு ஒரு இழைகூட நெகிழவில்லையாம்.

ஆக, நீங்கள் கேட்டபடி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பாத்திரத்தைக் கட்டச் சொன்னது நான். அவர்கள் முழுகிவிட்டார்கள் என்று புதன் நான்கு இருபதுக்கு எனக்குத் தெரியும். அவர்களைத் தேடி யாரும் போகாதபடி நாற்பத்தொரு பதிவுகள் எழுதியது நான். என்னை யாரும் தூண்டவில்லை, யாருக்கும் இதில் பங்கில்லை. என் தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. பொறுமையாக உட்கார்ந்து விளக்கினால் புரிந்துகொள்வாள். சின்ன வயதிலிருந்தே நான் எதை விளக்கினாலும் புரிந்துகொள்கிற பெண்.

கடைசியாக ஒன்று. வாக்குமூலத்தோடு இணைக்கச் சொல்லி நீங்கள் கொடுத்த படகின் வரைபடத்தை நேற்று ஸ்கேல் வைத்து அளந்தேன். உப்பு கைகாட்டிய அந்தச் சுவர், கருவியிலிருந்து ஆரம்பித்து ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளம். விதி சொல்வது ஒரு மீட்டருக்குள் மட்டும்தான். மிச்சம் இருபது சென்டிமீட்டர் விதிக்கு வெளியே இருக்கிறது. மற்ற படகுகளுக்கும் இது பொருந்தும், அதனால் பரிந்துரையாகவே எழுதித் தருகிறேன்: சுவரின் கோடியில், கண் உயரத்தில், ஓர் ஆணி அடித்துப் பாத்திரத்தை அதில் மாட்ட வேண்டும். படிவம் தேவையில்லை.